கத்திரி வெயிலில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: என்ஜின் சூடு எங்கே போகிறது?

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதப் பிற்பகலில், புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் என் நண்பரின் கார் கொதித்து நின்றுவிட்டது. 1960களில் இங்கிலாந்தில் செய்த, கூரை மடக்கும் இரண்டு இருக்கைக் கார். பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியதும் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். எல்லாரும் நல்ல மனம் கொண்டவர்கள். ஆவி கொஞ்சம் அடங்கியதும் அவர்களில் ஒருவர் ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, பக்கத்துக் கடையின் ஐஸ் பெட்டியில் இருந்த தண்ணீரை உள்ளே ஊற்றினார். என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்தது. மாற்று ஹெட் கடல் கடந்து வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று.

அன்று அந்த இடத்தில் காதில் விழுந்த யோசனைகளைப் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களில் இன்றும் கேட்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள். கூலன்ட்டில் தண்ணீரே கலக்காதீர்கள். பெரிய ரேடியேட்டர் மாட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த வண்டியெல்லாம் ஓடாது. சொல்பவர்களுக்கு வண்டிகள் மேல் அன்பு இருக்கிறது. ஆனால் என்ஜினின் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்ற படம் மனத்தில் இல்லை. அந்தப் படத்தை வரைந்து காட்டத்தான் இதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரியாதவர்களும் பின்தொடரலாம்.

டீ ஆற்றுவதிலிருந்து தொடங்குவோம்

டீக்கடைக்காரர் கை உயர்த்தி டீயை ஆற்றும்போது அதில் குளிர்ச்சி எதையும் சேர்ப்பதில்லை. குவளைக்குள் குவிந்து கிடக்கும் டீயை மெல்லிய நீண்ட தாரையாக்கிக் காற்றுக்குக் காட்டுகிறார். காற்றைத் தொடும் பரப்பு பெருகுகிறது. சூடு காற்றுக்குப் போகிறது. எலுமிச்சைச் சாதத்துக்கு வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைப்பதும் இதே வேலைதான். அங்கே விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. சோற்றின் மேல் சூடாகித் தேங்கிய காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவருகிறது.

காரில் உள்ள ரேடியேட்டர் ஒரு தாம்பாளம். என்ஜினுக்குள் சூடான தண்ணீரை நிறைய ஒல்லிக் குழாய்களில் பிரித்து, அந்தக் குழாய்களோடு ஒட்டிய மெல்லிய உலோகத் தகடுகளால் பரப்பைப் பலமடங்கு பெருக்கி, காற்றுக்குக் காட்டும் சாதனம். அந்தத் தகடுகளுக்கு ஃபின் என்று பெயர்.

ஆக, குளிர்விப்பு என்று நாம் சொல்வது வெப்பத்தைக் கைமாற்றும் வேலை. எரியும் பெட்ரோலிடமிருந்து உலோகத்துக்கு, உலோகத்திடமிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிடமிருந்து ஃபின்னுக்கு, ஃபின்னிடமிருந்து காற்றுக்கு. கடைசிக் கை எப்போதும் காற்றுதான். இதில் எந்தக் கை சோர்ந்தாலும் அதற்கு முந்தைய இடத்தில் சூடு தேங்கும்.

எத்தனை கீசர் அளவு சூடு?

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளின் ஆற்றலை ஏறத்தாழ மூன்றாகப் பிரிக்கலாம். ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. இன்னொரு பங்கு என்ஜின் உலோகத்தில் இறங்கித் தண்ணீருக்கு வருகிறது. இது மோட்டாவான கணக்கு, ஆனால் நம் தேவைக்குப் போதும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் என்ற கருவியால் கலக்கும் 1,800 சிசி பழைய என்ஜின் நின்றபடி ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தண்ணீருக்கு வரும் சூடு சுமார் 3 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் உள்ள ஒரு கீசர் அது. அதே கார் கடலூர் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மணிக்கு ஆறு லிட்டர் குடித்தால் ஆறு கீசர் அளவு சூடு.

இங்கே பலருக்கும் ஒரு கேள்வி வரும். சாலையில் ஓடும்போது ஆறு மடங்கு சூடு. சிக்னலில் நிற்கும்போது ஒரு மடங்குதான். அப்படியிருந்தும் வண்டி ஏன் சிக்னலில்தான் கொதிக்கிறது?

காற்றில்தான் விடை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூட்டை, அதே அளவு வெப்பநிலை உயர்வில், சுமக்க ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று வேண்டும். ஓடும் வண்டியில் அந்தக் காற்று கிரில் வழியாகத் தானே பாய்ந்துவருகிறது. நிற்கும் வண்டியில் விசிறி இழுத்தால்தான் உண்டு. பழைய கார்கள் பலவற்றில் அந்த விசிறியை என்ஜினே ஒரு பெல்ட்டால் சுழற்றுகிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது மிகக் குறைவாக உழைக்கிறது. சூடு ஆறில் ஒரு பங்காகக் குறைந்தாலும், காற்று அதைவிடப் பலமடங்கு குறைந்துவிடுகிறது.

தண்ணீரின் சுற்று

தண்ணீரைச் சுற்றவைப்பது வாட்டர் பம்ப். என்ஜின் வார்ப்புக்குள், பெட்ரோல் எரியும் சிலிண்டர்களைச் சுற்றி இருக்கும் காலியிடங்களில் தண்ணீர் புகுந்து, மேலே சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறி, ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், சூட்டை இறக்கிவிட்டுக் கீழ்க்குழாய் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. அதிகச் சூடு படும் இடம் ஹெட்தான். அதனால்தான் பழுதும் முதலில் அங்கே வருகிறது.

ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வாசலில் ஒரு காவலாள் நிற்கிறார். அவர்தான் தெர்மோஸ்டாட். சிறு உலோகக் குப்பிக்குள் மெழுகு. மெழுகு சூடாகி உருகி விரிந்தால் வால்வு திறக்கும், ஆறினால் மூடும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வாசலை அடைத்து வைத்து, அது வேலை செய்யும் சூட்டுக்கு வரவிடுவது இவருடைய பணி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் வழக்கமான தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறக்கும். வெப்ப நாடுகளுக்கு 74, குளிர் நாடுகளுக்கு 88 என்று தனித்தனியாகவும் கிடைத்தன.

இந்த எண்களைப் பார்த்தாலே ஒன்று விளங்கும்: என்ஜினைச் சில்லென்று வைப்பது யாருடைய நோக்கமும் அல்ல. 80 முதல் 95 டிகிரி வரை அதற்கு உகந்த சூடு. அதைவிடக் குளிர்ந்து ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, எண்ணெயில் ஈரமும் கசடும் சேரும், உராய்வில் தேய்மானம் கூடும்.

குக்கரும் ரேடியேட்டர் மூடியும்

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறுவதால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. ரேடியேட்டர் மூடி அந்தக் குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் சுருள்வில் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை வழிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடியில் தண்ணீர் கொதிக்க 111 டிகிரி வேண்டும். 15 பவுண்டு மூடியில் 121 டிகிரி.

வில் தளர்ந்த மூடியோடு ஓடும் கார், வெயிட் போடாத குக்கர் போல. 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு மூடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் அதை மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். ஆனால் 7 பவுண்டு மூடிக்கென்று செய்த அறுபது வயது ரேடியேட்டரில் 15 பவுண்டு மூடியை மாட்டாதீர்கள். ஈயப் பற்று விட்டுப் பீறிடும்.

வெயிட்டைக் கையால் தூக்கினால் குக்கருக்குள் என்ன நடக்கும் என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தாலும் அதுவே நடக்கும். 110 டிகிரியில் அடங்கிக் கிடந்த தண்ணீர், அழுத்தம் விட்ட நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

இதுவரை பார்த்தவை: சூடு கைமாறிக் கைமாறிக் காற்றுக்குப் போகிறது. பம்ப் தண்ணீரைச் சுற்றவைக்கிறது, தெர்மோஸ்டாட் வாசலைக் காக்கிறது, மூடி கொதிநிலையை உயர்த்துகிறது, விசிறி காற்றைக் கொண்டுவருகிறது.

லண்டன் வெயில், நம் வெயில்

ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு இரண்டு வெப்பநிலைகளின் இடைவெளியைப் பொறுத்தது: உள்ளே தண்ணீர் எவ்வளவு, வெளியே காற்று எவ்வளவு. இங்கிலாந்தின் நல்ல வெயில் நாளில் காற்று 25 டிகிரி, தண்ணீர் 90 என்றால் இடைவெளி 65. கத்திரி நாளில் காற்று 40 டிகிரி என்றால் இடைவெளி 50 ஆகக் குறைகிறது. அதே ரேடியேட்டர், அதே விசிறி. வேலைத்திறனில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. தார்ச்சாலையின் அனல் பம்பருக்குக் கீழே காற்றை இன்னும் சூடாக்குகிறது. முன்னே நிற்கும் பஸ்ஸின் புகை அதற்கும் மேல்.

புதிதாக இருந்தபோது இந்தக் கால் பங்கு இழப்பைத் தாங்கும் உபரி இந்த வண்டிகளில் இருந்தது. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை நம் பெற்றோர் தலைமுறை மே மாதத்திலும் ஓட்டியது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்ததுதான். எனவே 'நம் ஊரில் இவை ஓடாது' என்பதை நான் ஏற்கமாட்டேன். அறுபது ஆண்டுத் துருவும் உப்பும் அந்த உபரியைத் தின்றுவிட்டன. அதை மீட்பதே நம் வேலை.

புழுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் வியர்வை காயாது, மண்பானைத் தண்ணீர் உள்மாவட்டங்களில் குளிர்வதுபோலக் குளிராது. இரண்டும் தண்ணீர் ஆவியாவதை நம்பியிருப்பவை. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலும் அப்படித்தான்: சூடான நீரைச் சாரலாக விழவைத்து, அதில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும்போது மீதி நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அங்கே காற்றின் ஈரப்பதம் பெரிய விஷயம். காரின் ரேடியேட்டரில் ஒரு சொட்டுகூட ஆவியாவதில்லை. மூடிய குழாய்க்குள் தண்ணீர், வெளியே காற்று, நடுவில் உலோகம். 34 டிகிரியில் புழுங்கும் நாள் நமக்குத்தான் வேதனை; என்ஜினுக்கு அது 40 டிகிரி வறண்ட நாளைவிட நல்ல நாள். பிற்பகலில் கடற்காற்று ஏறியதும் நமக்கு முன்னால் நிம்மதி அடைவது ரேடியேட்டர்தான்.

எப்போது சூடேறுகிறது?

வண்டி கொதிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நிற்கும்போதா, ஓடும்போதா?

நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் வெப்பமானியின் முள் இறங்கினால், தண்ணீர்ச் சுற்று நன்றாக இருக்கிறது என்று பொருள். குறை காற்றில். ஃபேன் பெல்ட் தளர்ந்து வழுக்கலாம். விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய உறை, மெக்கானிக்குகள் ஷ்ரவுட் என்று சொல்வது, எப்போதோ கழன்று போயிருக்கலாம். உறை இல்லாத விசிறி தன் ஓரங்களில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ரேடியேட்டர் வழியாக இழுக்காது. நண்பரின் காரில் கடைசியில் கண்டுபிடித்த குறை இதுதான். பக்கத்தில் உலோகத் தகடு வளைக்கும் பட்டறையில் ஒரே நாளில் உறை செய்து மாட்டினோம். அதன் பிறகு இந்திரா காந்தி சதுக்கத்து நெரிசலில் முள் முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறவே இல்லை.

மின்விசிறி மாட்டுவது இந்தக் குறைக்கு நல்ல வழி. என்ஜின் வேகத்தைச் சாராமல் அது சுற்றும். 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் மின்விசிறியோடுதான் வந்தது. ஆனால் உங்கள் கார், என்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் பழைய டைனமோ காலத்தது என்றால் எச்சரிக்கை. வண்டி நின்று என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறத்தாழ மின்சாரமே தராது. சிக்னலில் விசிறி முழுக்க பேட்டரியைத் தின்னும். மெதுவான ஓட்டத்திலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போட்ட பிறகே மின்விசிறியைப் பற்றி யோசியுங்கள்.

ஓடும்போது, அதுவும் வேகம் கூடக்கூட முள் ஏறினால், காற்று தாராளமாக இருந்தும் சூடு அதனிடம் போய்ச் சேரவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம். என்ஜின் வார்ப்புக்குள் துரு மண்டியிருக்கலாம். பம்ப் உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய் மென்மையாகி வேகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ரேடியேட்டரின் முகத்தில் கை வைத்துப் பார்த்தால், விசிறி நின்ற பிறகு, சூடாக இருக்கும் பரப்புக்கு நடுவே குளிர்ந்த திட்டுகள் தட்டுப்படும். அங்கெல்லாம் தண்ணீர் ஓடவில்லை.

இன்னொரு காரணம் குளிர்விப்போடு சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும்: இக்னிஷன் டைமிங். தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்ற கணக்கு அது. பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் வேலையாக மாறாமல் சூடாகவே மிஞ்சி, சிலிண்டர் சுவரிலும் புகைவழியிலும் இறங்கும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையும் தொல்லை தரும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜன் கூடுதல். வெறும் பெட்ரோலுக்கென்று சரிசெய்த பழைய கார்புரேட்டரில் அது கலவையை அந்தப் பக்கமே தள்ளும். ரேடியேட்டரைக் கழற்றும் முன் டைமிங்கையும் கார்புரேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முள்ளையும் உடனே நம்பிவிடாதீர்கள். அறுபது வயது மானி பொய் சொல்லும். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரியும்.

தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் குளிரும் என்பதும், கழற்றினால் தண்ணீர் மிக வேகமாக ஓடிச் சூட்டை எடுக்க நேரமில்லாமல் போகும் என்பதும் எதிரெதிர்க் கட்சிகள். இரண்டாவது கட்சியின் காரணம் தவறு. தண்ணீர் வட்டத்தில் ஓடுகிறது. வேகமாகப் போனால் வேகமாகத் திரும்பியும் வரும். அதனால் சூடு எடுப்பது குறையாது. ஆனாலும் கழற்றக் கூடாது. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டரைத் தவிர்க்கும் குறுக்குவழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்குவழி திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பும். தவிர, அது தரும் சிறு தடை என்ஜினுக்குள் அழுத்தத்தைக் காத்து, ஹெட்டின் கொதிக்கும் மூலைகளில் ஆவிக் குமிழ்கள் வராமல் தடுக்கிறது. சந்தேகம் என்றால், அடுப்பில் வைத்த பாத்திரத் தண்ணீரில் அதைத் தொங்கவிட்டு, வெப்பமானியோடு பாருங்கள். தன் எண்ணில் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

கூலன்ட் என்பது கிளைக்கால் என்ற திரவமும் துருத்தடுப்பு மருந்தும் கலந்தது. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டிக்காரர். கிளைக்கால் அவரைவிடப் பலவீனமானவர். அப்படியிருந்தும் சேர்ப்பது, கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்தவும் துருவைத் தடுக்கவும். பாதிக்குப் பாதி என்பது உச்ச அளவு. பனி உறையாத நம் ஊரில் மூன்றில் ஒரு பங்கே போதும் என்பது என் அனுபவம். கலக்காமல் ஊற்றினால் வண்டி கூடுதலாகச் சூடேறும்.

பெரிய ரேடியேட்டர் கடைசி மருந்து. காற்று வராத இடத்தில் எவ்வளவு பெரிய தாம்பாளம் வைத்தாலும் சோறு ஆறாது.

போர்வெல் நீரும் உப்புக் காற்றும்

புதுச்சேரி, கடலூர்க் கரையோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படியும் அந்த உப்பு என்ஜினுக்குள்ளும் படிகிறது, சூடு அதிகமான ஹெட்டிலேயே முதலில். உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அது ஒரு போர்வை. வழியில் கிடைத்த தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்த என்ஜின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். பின் சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு கெட்டியாகி, தண்ணீர் போக வழியே இல்லை. பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே ஊற்றுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வடித்து, என்ஜின் பக்கவாட்டில் உள்ள வடிகால் திருகையும் திறந்து, தண்ணீரை வழக்கமான திசைக்கு எதிராகச் செலுத்திக் கழுவுங்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் சேறு அப்படியே தங்கிவிடும்.

வெளியே உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடல் பார்த்து நிறுத்தும் காரின் ஃபின்கள் பச்சை பூத்து, விரல் பட்டால் உதிரும். குழாய் ஒழுகாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் குழாயோடு இருந்த ஒட்டு விட்டுப்போன ஃபின்னுக்குச் சூடு போகாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லக் கழுவினால் உப்பும் பூச்சியும் போகும். அழுத்தக் குழாய் வேண்டாம், ஃபின் மடியும்.

நடுவழியில் முள் ஏறினால்

வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்து, அதன் விசிறியையும் போடுங்கள். மே மாதத்தில் அது கொடுமைதான். ஆனால் ஹீட்டர் என்பது இன்னொரு சிறு ரேடியேட்டர். சிக்னலில் நிற்கும்போது கியரை விடுவித்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் பம்பும் விசிறியும் வேகமெடுக்கும். முள் இறங்கவில்லை என்றாலோ ஆவி வந்தாலோ ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள். அணைத்ததும் முள் இன்னும் கொஞ்சம் ஏறும். சுற்று நின்றதால் உலோகத்தின் சூடு தேங்கிய தண்ணீரில் இறங்குவது அது. பயப்படாமல் பானெட்டை மட்டும் திறந்துவையுங்கள்.

அணைத்துப் பத்து நிமிடம் கழித்து வண்டி கிளம்பவில்லை, முள்ளோ சாதாரண இடத்தில் இருக்கிறது என்றால், அது என்ஜின் சூட்டுப் பிரச்சினை அல்ல. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கும். நிழலில் ஆறவிட்டால் தானே கிளம்பும். ரேடியேட்டரை யாரும் தொட வேண்டாம்.

கொதித்த வண்டிக்கோ, மூடியை வெறும் கையால் தயக்கமின்றித் தொட முடியும் வரை காத்திருங்கள். அரைமணி, முக்கால் மணி ஆகலாம். பிறகு மூடியைத் துணி போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பி, மிஞ்சிய அழுத்தத்தை விட்டு, அப்புறம் திறங்கள். வெயிலில் காரில் கிடந்த வெதுவெதுப்பான தண்ணீரை, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். யாராவது அன்போடு ஐஸ் தண்ணீர் நீட்டினால், நன்றி சொல்லி வாங்கி, நீங்கள் குடியுங்கள்.